இயற்கைப் பொருளும் 'இயல்பாக' என்னும் அடையும்

ஆங்கில நூல்களைத் தமிழாக்குவார்க்கு இடர் விளைக்கும் வினையடைகளுள் 'இன்ஹெரென்ட்லி' என்பதும் ஒன்று. உள்ளே ஒட்டிநிற்றல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்த இச்சொல், ஒரு பண்பு புறத்தினின்று வந்து சேராது பொருளோடு உடனுறைவது என்பதனை உணர்த்தும். 'இயல்பாக', 'இயற்கையாக', 'உள்ளார்ந்து', 'பிறவியிலேயே' என இதற்குப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் எது பொருந்தும் என வினவுமுன், தமிழில் அடை வேண்டப்படுகின்றதா என்பதே ஆராயற்பாலது.

தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்துள் இதற்கு நெறி வகுத்துள்ளார். இயற்கைப் பொருளை 'இத்தன்மைத்து' என வாளா கூறுக என்றும், செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்துக் கூறுக என்றும் அவர் விதித்தார். ஆக்கச்சொல் காரணத்தை முன்னிட்டு வரும்; வழக்கினுள் காரணமின்றியும் வரும் என்பன அடுத்து வரும் விதிகள். ஆங்கிலம் வினையடையால் உணர்த்தும் வேறுபாட்டைத் தமிழ் பயனிலையாலேயே உணர்த்தவல்லது என்பது இவற்றாற் பெறப்படும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணும் கல்லும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். பருத்தி விளையும் அந்நிலத்தைக் 'கரிசல் கரிது' என்றால் போதும். 'இயல்பாகக் கரிது' என்பது மிகை. அரியலூர்ச் சுண்ணக்கல்லைச் 'சூளையிற் சுடுதலான் நீறாயிற்று' என்னுமிடத்துக் காரணமும் ஆக்கமும் முறையே நின்றன.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். கிரெத்தேசியக் காலத்து மரம், நீரிற் கரைந்த கனிமம் உட்புகுந்து படிந்தமையால் கல்லாயிற்று. 'இம்மரம் இயல்பாகவே வலிது' என்பது வழுவாம். 'இக்கல் வலிது' என்பதோ வழுவன்று. பொருள் ஒன்றே, எனினும் மரம் எழுவாயாகுங்கால் வன்மை செயற்கை, கல் எழுவாயாகுங்கால் அஃது இயற்கை. ஆகவே, ஒரு பண்பு இயல்போ அன்றோ என்பது எப்பெயரால் அப்பொருளைச் சுட்டுகின்றோம் என்பதனையும் பொறுத்ததாம்.

இனி, 'இயல்பாக' என்பதன்கண் உள்ள 'ஆக' என்பது 'ஆ' என்னும் ஆக்க வினையடியாகப் பிறந்த எச்சமே. ஆக்கம் வேண்டாத இயற்கையைக் கூற ஆக்கவினையின் வடிவே துணையாக வருதல் வியப்பிற்குரியது. ஆயினும் இன்றைய வழக்கில் அது வினையடை உருபாய் நிலைத்தமையின் குற்றமன்று.

அவ்வடை இன்றியமையாத இடமும் உண்டு. 'இக்கிணற்று நீர் இயல்பாகவே உவர். ஆலைக் கழிவான் அன்று' என்னுமிடத்துப் பிரிநிலை ஏகாரத்தொடு கூடிப் புறக்காரணத்தை அது விலக்குகின்றது. சட்டத் தமிழில் நீதிமன்றத்தின் 'உள்ளார்ந்த அதிகாரம்' என்பதும் இத்தகையதே. பிறிதொரு விதியால் வழங்கப்படாது மன்றத்தினிடத்தே உள்ளது என்பது கருத்து. 'பிறவியிலேயே' என்பது உயிருடைப் பொருட்கே ஏற்கும். 'இயற்கையாக' என்பது எதிர்பார்த்தபடி என்னும் பொருளும் தருமாதலின் ஐயத்திற்கு இடனாகும்.

புறக்காரணத்தை விலக்கும் ஆற்றல் உடைமையாலேயே இவ்வடையை விழிப்புடன் ஆளல் வேண்டும். 'இவ்வட்டாரம் இயல்பாகவே பின்தங்கியது' என ஒருவர் எழுதுவாராயின், அத்தொடர் தன்னொடு தானே முரணும். பின்தங்குதல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு மழையோ, பாசனமோ, கல்வி வாய்ப்போ, பிறிதொன்றோ காரணமாதல் வேண்டும். 'இயல்பாகவே' என்ற அளவில் அக்காரணத்தைத் தேடும் கடமை மறைந்துவிடுகின்றது. 'இம்மாணவன் இயல்பாகவே மந்தன்' என்பதும் அன்னதே; அவன் பயின்ற சூழலை ஆராயாமலே அச்சொல் தீர்ப்புக் கூறிவிடுகின்றது.

எனவே, மொழிபெயர்ப்பார் மூன்றனை நோக்குக: பண்பு பொருளோடு பிறந்ததாயின் அடையின்றிக் கூறுக, வந்து சேர்ந்ததாயின் காரணத்தொடு ஆக்கச்சொல் புணர்த்துக, புறக்காரணம் விலக்கப்படுமிடத்து மட்டும் 'இயல்பாகவே' என்க. இயற்கையையும் செயற்கையையும் பிரித்துக் கூறும் அந்நெறி, சொல்லைக் காப்பதோடு சொல்லப்படுவோரையும் காக்கும்.