கலை வரலாறு கற்றாரும் காட்சிச்சாலைப் பணியும்

பட்டம் பெற்று வெளியேறும் மாணாக்கர் பலர்க்கும் எதிர்நிற்கும் வினா, கற்ற கல்வி கஞ்சி வார்க்குமோ என்பதேயாம். மருத்துவமும் சட்டமும் கற்கப் போவாரை நோக்கி எவரும் இதனை வினவுவதில்லை. சிற்ப ஓவியங்களின் வரலாற்றைப் பல்கலைக்கழகத்திற் கற்க விழைந்து வீரகேரளம்புதூர் போன்றதோர் ஊரினின்று ஒருவன் புறப்படுவானாயின், உற்றார் முதற்கண் கேட்பது இதுவே. அவ்வினா இகழத்தக்கதன்று, அதற்கு விடை பகர்தல் கற்றார் கடன்.

கலை வரலாறாவது அழகிய பொருள்களைக் கண்டு வியத்தலன்று. ஒரு பொருள் எக்காலத்தது, எந்நாட்டது, எவரால் எதன்பொருட்டு ஆக்கப்பட்டது என்பனவற்றை அப்பொருளையே சான்றாகக் கொண்டு தெளிதலாம். இவ்வறிவிற்கு நேரான தொழிற்களம் காட்சிச்சாலை. சென்னையில் 1851-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசாங்கக் காட்சிச்சாலையைப் பாமர மக்கள் 'செத்த காலேஜ்' என்று வழங்கினர். ஆண்டுள்ளவை உயிரற்றனவே, எனினும் அவற்றைப் பேசுவிப்பான் ஒருவன் உளன். அவனே காப்பாட்சியன்.

அவன் தொழில் தேர்தல், பதிதல், பேணல், விளக்கல் என நால்வகைப்படும்.

தேர்தலாவது, வரும் பொருள் மெய்யானதோ போலியோ, கொடுப்பவர்க்கு உரியதோ பிறர்க்கு உரியதோ என ஆராய்ந்து கொள்ளல். பதிதலாவது, அதன் அளவு, எடை, வந்த வழி, உற்ற குறை ஆகியவற்றைக் குறித்து, படமெடுத்து, எண்ணிட்டு ஏட்டில் ஏற்றல். சென்னைக் காட்சிச்சாலையின் உலோகத் திருமேனிகளைப் பற்றி கிரேவ்லி, டி. என். இராமசந்திரன் ஆகிய இருவரும் 1932-இல் வெளியிட்ட பட்டியல் இத்தகைய உழைப்பின் பயனே.

பேணல், கைத்திறனும் வேதியியலறிவும் வேண்டுவது. வெண்கலத்திற் குளோரைடு உப்புப் புகுந்துவிடின், ஈரக்காற்றுப் படுந்தோறும் வெளிறிய பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவோர் இந்நோயைத் தீர்ப்பதில்லை. நுண்ணிய வேலைப்பாட்டையும் எழுத்தையுமே தேய்த்தழிப்பர். சென்னைக் காட்சிச்சாலையில் வேதியியலறிஞர் பரமசிவன் இத்தகைய நோய்கட்கு அறிவியல் முறையில் மருந்து கண்டு பணியாற்றினார். இறுதியதாகிய விளக்கலாவது, பொருளின் வரலாற்றை எழுத்தறிவு குறைந்தாரும் உணருமாறு சில சொற்களில் எழுதி வைத்தல். நூறு பக்கம் எழுதுதலினும் இஃது அரிது.

இவற்றுள் முன்னிரண்டும் வழுவின் விளைவது யாதென்பதற்கு நம் பொருநைக்கரையே சான்று. கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலினின்று 1982-இல் நடராசர் திருமேனி களவு போயிற்று. அது கடல் கடந்து, 2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்திற்கு விலையாயிற்று. பன்னெடுங்காலம் ஊரார் வெறும் பீடத்தையே கண்டனர். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னாளில் எடுத்துவைத்திருந்த புகைப்படமே அத்திருமேனி எவ்வூரதென மெய்ப்பித்தது. 2019-இல் அது தாய்நாடு திரும்பிற்று. வாங்குங்கால் வந்த வழியை ஊன்றி வினவியிருப்பின் அது கலைக்கூடம் புகுந்திராது. எவரோ ஒருவர் படமெடுத்துப் பதிந்திராவிடின் அது மீண்டுமிராது. ஏட்டுப் பதிவென்று எளிதாக எண்ணப்படுவது ஓர் ஊரின் வழிபாட்டையே காத்த திறம் நோக்கத்தக்கது. திருமறை கூறும் உண்மையுள்ள உக்கிராணக்காரனின் இலக்கணம் காப்பாட்சியனுக்கும் முற்றும் பொருந்தும். அவன் கையிலுள்ளது எதுவும் அவனுடையதன்று.

இத்துறையிற் சிறந்தார் பல வழிகளால் வந்தனர். ஸ்டெல்லா கிராம்ரிஷ் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் கலை வரலாறு கற்று 1919-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் கற்பித்தபின், 1954 முதல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பொருள்களின் காப்பாட்சியரானார். யாழ்ப்பாணத் தமிழ் மரபினராகிய ஆனந்த குமாரசுவாமி நிலநூல் வல்லவர். இலங்கையிற் கனிமங்களை ஆராயச் சிற்றூர்தோறும் சென்றவர், அழியும் கைத்தொழில்களைக் கண்டு கலையாராய்ச்சியிற் புகுந்து, 1917 முதல் 1947-இல் இறக்குந்துணையும் பாஸ்டன் காட்சிச்சாலையிற் பணிபுரிந்தார். வடமொழி வல்ல சி. சிவராமமூர்த்தி சென்னைக் காட்சிச்சாலையிற் பணியாற்றி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-இல் அரிய நூல் வெளியிட்டு, பின்னர்த் தில்லித் தேசியக் காட்சிச்சாலையின் இயக்குநராக உயர்ந்தார். கலையறிவோடு மொழியோ அறிவியலோ பிறிதொன்றும் துணையாகக் கொண்டாரே இங்கு நிலைபெறுவர் என்பது இவர்தம் வரலாற்றாற் பெறப்படும்.

பயிற்சிக்கு இடமும் உண்டு. பரோடாப் பல்கலைக்கழகம் 1952 முதல் காட்சிச்சாலையியலைத் தனித்துறையாகக் கற்பித்து வருகிறது. அரசுக் காட்சிச்சாலைப் பதவிகள் சிலவே. அவை தேர்வின் வாயிலாக நிரப்பப்படுவன. காத்திருக்கும் பொறுமை வேண்டும். ஓவியங்களை விற்கும் தனியார் கலைக்கூடங்களிலோ வருவாய் விற்பனையைப் பொறுத்தது. ஆண்டு ஓவியரோடும் வாங்குவாரோடும் நேர்மையாகப் பழகும் நாணயமே முதலாகும். இரண்டினும் விரைந்து பொருளீட்ட எண்ணுவார் வேறு தொழில் நாடுதல் நலம்.

பல்கலைக்கழகம் புகுமுன்னரே நம் வட்டார மாணாக்கர் தொடங்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. குற்றாலச் சித்திரசபையின் சுவரோவியங்கள், பதினைந்தாம் நூற்றாண்டிற் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த தென்காசிக் கோயிலின் பெருஞ்சிற்பங்கள், திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் வண்ண ஓவியங்கள் ஆகியன அண்மையிலேயே உள்ளன. ஊற்றுமலை ஜமீனின் தலைநகராயிருந்த வீரகேரளம்புதூரிலும் குறிக்கத்தக்க பழம்பொருள்கள் இல்லாமற் போகா. ஒரு குறிப்பேடும் அளவுநாடாவும் கொண்டு, உரியார் இசைவு பெற்று, தன் ஊர்க் கோயிற் சிற்பம் பத்தினை அளந்து, உற்ற சிதைவினைக் குறித்து, நாளிட்டு எழுதிவைப்பானாயின், அம்மாணாக்கன் இத்தொழிலிற் புகுந்துவிட்டான் என்றே கொள்ளலாம். ஊதியம் பின்னர் வரினும் வருக. அக்குறிப்பேடு என்றேனும் ஒருநாள் அவ்வூரின் உடைமைக்குச் சான்று பகரும்.