கோவளம் கொடுத்த இடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது கோவளம். அங்குள்ள தர்காவில் அடங்கியிருப்பவர் நபிகள் நாயகத்தின் தோழர் தமீம் அன்சாரி என்பது மக்களின் நம்பிக்கை.

"அன்சாரி" என்றால் என்ன?

கி.பி. 622-ல் நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனார். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. கொடுமை தாங்காமல், வீடு வாசலை விட்டு வந்த முஸ்லிம்களுக்கு மதீனா மக்கள் தங்க இடம் கொடுத்தார்கள். இருந்ததைப் பங்கிட்டுக் கொண்டார்கள். அவர்களுக்கு "அன்சார்" என்று பெயர் வந்தது. "உதவியவர்கள்" என்று பொருள்.

தமீம் அன்சாரியின் உடல் பெட்டியில் மிதந்து வந்து கோவளத்தில் கரை சேர்ந்ததாம்! இன்று மற்ற மதத்தாரும் அங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

வந்தவருக்கு இடம் கொடுத்தது மதீனா. அந்த மதீனாக்காரருக்கு இடம் கொடுத்தது கோவளம்!