மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்

மூன்று கிலோவாட் சூரிய மின் நிலையத்துக்கு மொட்டை மாடியில் 300 சதுர அடி இருந்தால் போதும். 540 வாட் பேனல்கள் ஆறு, அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், சுவரில் ஓர் இன்வெர்ட்டர், ஒரு மீட்டர். தமிழ்நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கும்.

பேனலில் வரிசையாகத் தெரியும் கருநீலக் கட்டங்கள்தான் சிலிக்கான் செல்கள். ஒவ்வொன்றின் கனமும் 0.2 மில்லிமீட்டருக்குள்தான். சிலிக்கானின் ஒரு பக்கத்தில் துளியளவு பாஸ்பரஸும் மறுபக்கத்தில் போரானும் கலந்திருப்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் நிலைத்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. செல்லின் மேல் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் அந்த மின்சாரத்தைச் சேர்த்து வெளியே எடுத்துச் செல்கின்றன. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்துகாட்டிய செல், தன்மேல் விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

செல்லுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல. 540 வாட் என்பது 25 டிகிரியில் அளந்த கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி போய்விடும். பேனலைத் தளத்தோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்று புகும்படி உயர்த்திப் போடுவது இதனால்தான்.

சூட்டைவிடப் பெரிய எதிரி நிழல். ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதல்தான் என்பதால் பல செல்களைத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும், நடுவில் மிதிபட்ட தண்ணீர்க் குழாய் போல அந்தத் தொடர் முழுவதிலும் ஓட்டம் குறையும். சிக்கிய பகுதியைச் சுற்றிக்கொண்டு போக டயோடுகள் உண்டு. ஆனாலும் அந்தப் பகுதியின் மின்சாரம் இழப்புதான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நண்பகலில் காலடியிலேயே கிடக்கும். மார்கழிக் காலையில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்த்தபின் இடம் குறியுங்கள். எந்தக் கம்பெனி பேனல் என்று விசாரிப்பதைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

பேனல் தருவது நேர்திசை மின்சாரம். இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட் மாறுதிசை மின்சாரமாக்குகிறது. மிஞ்சியது மின்வாரிய லைனுக்குப் போகிறது. அந்த லைனில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாதல்லவா! மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.