கேலரி எழுதும் தீர்ப்பு

ஆட்டத்தை நடுவர்கள் முடித்து வைக்கிறார்கள். ஆட்டக்காரர்களின் நடத்தை மீதான வழக்கை ரசிகர்கள் முடிப்பதே இல்லை. பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் நிலுவையில் இருக்கும் சில வழக்குகள்.

கிரிக்கெட்டில் கைகுலுக்குவதற்கு ரன் கிடையாது. குலுக்காவிட்டால் விக்கெட்டும் விழாது. ஆனாலும் 2024 மே 18 இரவு சென்னை சூப்பர் கிங்ஸும் பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸும் மோதிய ஐ.பி.எல். ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் ஸ்கோரில் ஆரம்பிப்பதில்லை. "தோனி கைகுலுக்காமல் போய்விட்டார்" என்று ஆரம்பிப்பார்கள். பேசுபவர் மஞ்சள் கட்சி என்றால் "தோனியைக் காக்க வைத்துவிட்டார்கள்" என்பார். நடந்தது ஒன்றுதான். பார்த்த கண்கள்தான் இரண்டு.

ஸ்கோரையும் சொல்லிவிடலாம். பெங்களூர் 218. சென்னை 191. தோற்றாலும் 200 ரன்னைத் தாண்டினால் போதும், அடுத்த சுற்று சென்னைக்கு என்ற விசித்திரக் கணக்கில் ஆட்டம் நடந்தது. கடைசி ஓவரில் தேவை 17. யஷ் தயாள் வீசிய முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூரத்துக்குத் தூக்கினார். பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. ஈரமான பழைய பந்துக்குப் பதில் நடுவர்கள் வேறு பந்து கொடுத்தார்கள். அடுத்த பந்தில் தோனி அவுட். அந்த சிக்ஸர்தான் நமக்கு உதவியது என்று பின்னர் தன் அணியினரிடம் விளையாட்டாகச் சொன்னவர் பெங்களூரின் விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக். அவர் சென்னைக்காரர் என்பது இந்தக் கதையின் துணைச்சுவை.

முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்று, பிறகு வரிசையாக ஆறு ஆட்டங்களை வென்று தகுதி பெற்ற அணி அது. ஆட்டக்காரர்கள் மைதானம் முழுக்க ஓடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், கத்தினார்கள். தோற்றவர்கள் கைகொடுக்க வரிசையில் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் தோனி. கொண்டாட்டம் முடிகிற வழியாக இல்லை. அவர் திரும்பி, வழியில் நின்ற பெங்களூர் அணியின் உதவியாளர்கள் சிலருக்குக் கைகொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோலி பிறகு அவரைத் தேடி அறைப் பக்கம் போனதாகவும் செய்தி வந்தது. இவ்வளவுதான்.

ஆனால் வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. உலகக் கோப்பை வென்ற மூத்த மனிதருக்கு, ஒருவேளை கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்ற நிலையில், இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதா என்று கேட்டது ஒரு தரப்பு. வர்ணனையாளர்கள் சிலரும் அதையே சொன்னார்கள். தோல்வியில்தான் பெருந்தன்மை தெரியவேண்டும், 'கேப்டன் கூல்' என்பவர் இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. நான்கு நாள் கழித்து அகமதாபாத்தில் ராஜஸ்தானிடம் பெங்களூர் தோற்றபோது சென்னையில் அதைப் பண்டிகை போலக் கொண்டாடியவர்கள் உண்டு. கடைசி ஆட்டம் என்ற கண்ணீரும் வீணாயிற்று. தோனி 2025லும் ஆட வந்தார்.

இந்தச் சண்டையில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அன்று ஆட்டம் முடிந்து மஞ்சள் சட்டையுடன் வெளியே வந்தவர்களைச் சூழ்ந்து கேலி செய்ததாக, வழிமறித்துக் கத்தியதாக, சமூக வலைத்தளங்களில் பலர் எழுதினார்கள். பெண்களும் எழுதினார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் ஊர் அது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிக் கலவரம் வெடித்து, ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டிய ஊரும் அதுதான். அந்த ஞாபகம் உள்ள குடும்பத்தில், ஆட்டம் பார்க்கப் போன பையன் சட்டையை மாற்றிக்கொண்டு வீடு திரும்பினால், அதை வெறும் விளையாட்டு வம்பு என்று தள்ளிவிட முடியாது. அதே குடும்பத்தில் சிவப்புச் சட்டை போட்ட தம்பி ஒருவனும் இருப்பான் என்பதுதான் பெங்களூரின் இன்னொரு உண்மை.

சட்டை வேறுபாடு இல்லாமல் அந்த கேலரி ஒரே குரலில் கத்திய இரவு ஒன்று உண்டு. 1996 மார்ச் 9. உலகக் கோப்பை காலிறுதி. எதிரணி பாகிஸ்தான். சின்னசாமிக்கு அப்போது விளக்குகள் புதிது.

சித்து 93 ரன் எடுத்து அடித்தளம் போட, அஜய் ஜடேஜா 25 பந்துகளில் 45 அடித்தார். அடி வாங்கியவர் சாதாரண ஆள் அல்ல, வக்கார் யூனிஸ். இந்தியா 287. மெதுவாகப் பந்து வீசியதற்காக பாகிஸ்தானுக்கு ஒரு ஓவர் குறைக்கப்பட்டது. அதைப் பற்றிக் கவலைப்படுபவர்களாக சயீத் அன்வரும் ஆமிர் சோஹைலும் தெரியவில்லை. பத்தே ஓவரில் 84 ரன். அன்வர் 32 பந்தில் 48 அடித்துவிட்டு அவுட் ஆன பிறகும் சோஹைல் நிற்கவில்லை. காயத்தால் வாசிம் அக்ரம் கடைசி நேரத்தில் விலகியதால் அன்று அணித் தலைவரும் அவரே.

பதினைந்தாவது ஓவர். வெங்கடேஷ் பிரசாத்தின் பந்தை ஆஃப் திசையில் எல்லைக்கு விரட்டினார் சோஹைல். அத்தோடு விட்டிருக்கலாம். பிட்ச்சின் நடுவே வந்து, மட்டையை நீட்டி, பந்து போன இடத்தைக் காட்டி, அடுத்ததும் அங்கேதான் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பிரசாத் ஊர்க்காரர். அமைதியான ஆள் என்று பெயர் எடுத்தவர். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அடுத்த பந்தை அதே பக்கம் இன்னும் பலமாக அடிக்கப் பார்த்தார் சோஹைல். பந்து மட்டையில் படவில்லை. ஆஃப் ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு இங்கே முக்கியம். பிரசாத் கையை நீட்டி, பெவிலியன் பக்கம் போகச் சொல்லி, வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தைகளில் சோஹைலை வழியனுப்பினார். டி.வி.யில் உதட்டசைவே போதுமானதாக இருந்தது. ஆக, அன்று வரம்பு மீறியவர்கள் இருவர். ஒருவர் மட்டையை நீட்டினார், இன்னொருவர் நாக்கை நீட்டினார். ரசிகர்கள் முதலாவதற்கு ஆணவம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவதற்கு வீரம். ஸ்டம்ப் விழாமல் பந்து மறுபடி எல்லைக்குப் போயிருந்தால் சோஹைலின் செய்கை ஒரு மேதையின் தன்னம்பிக்கையாக லாகூரில் சொல்லப்பட்டிருக்கும். நடத்தைக்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் அடுத்த பந்துதான்.

பாகிஸ்தான் 39 ரன்னில் தோற்றது. பிரசாத்துக்கு மூன்று விக்கெட், இன்னொரு பெங்களூர்க்காரரான கும்ப்ளேவுக்கு மூன்று. ஆறாவது உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்த ஜாவேத் மியாந்தாத் 64 பந்துகளில் 38 எடுத்து ரன் அவுட் ஆனார். அவருடைய சர்வதேச வாழ்க்கை அங்கே முடிந்தது. சுனில் கவாஸ்கர் தன் கடைசி டெஸ்டில் 96 அடித்து, இந்தியா 16 ரன்னில் தோற்றதும் 1987இல் இதே மைதானத்தில், இதே பாகிஸ்தானிடம். பெரியவர்களை வெறுங்கையோடு அனுப்பி வைப்பதில் சின்னசாமி மைதானத்துக்கு அனுபவம் ஜாஸ்தி.

பெங்களூர் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது எல்லைக்கு அப்பால் விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி சோஹைல் அல்ல, ஆடாத அக்ரம். காயம் உண்மைதானா, பணம் வாங்கிவிட்டாரா என்று கேட்டார்கள். கொடும்பாவி எரிந்தது, வீட்டின் மேல் கல் விழுந்தது. விலா வலியை எக்ஸ்ரே எடுத்து நிரூபிக்கலாம். எண்ணத்தை எப்படி நிரூபிப்பது?

நாமும் சிரித்துக்கொள்ள அதிக நேரம் கிடைக்கவில்லை. நான்கே நாளில், மார்ச் 13 அன்று, கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் இலங்கைக்கு எதிராக இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது பாட்டில்கள் பறந்தன, கேலரியில் தீ எழுந்தது. ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார் கிளைவ் லாயிட். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அந்த அழுகையைக்கூட நடிப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

ரசிகர்கள் எல்லோரும் அப்படித்தானா என்றால், சேப்பாக்கம் இருக்கிறது. 1999 ஜனவரி 31. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோல்வி. ஒரு நிமிடம் நிசப்தம். பிறகு கேலரி எழுந்து நின்று கைதட்ட, அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. சென்னைக்காரர்கள் இதைச் சொல்லி இன்றும் காலரைத் தூக்கிக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் 2023 மே 24 அன்று அதே சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தானின் நவீன் உல் ஹக் நான்கு விக்கெட் எடுத்தபோது கேலரியிலிருந்து வந்தது கைதட்டல் அல்ல, "கோலி, கோலி" என்ற கூச்சல். அவர் காதில் விரல் வைத்துக் காட்டினார். அந்தக் கூச்சல் எங்கிருந்து கிளம்பியது என்று தேடினால் மறுபடி சின்னசாமியில்தான் வந்து நிற்போம்.

2023 ஏப்ரல் 10. பெங்களூர் அடித்த 212ஐ லக்னோ கடைசிப் பந்தில், ஒரே ஒரு விக்கெட் மிச்சம் இருக்க, எட்டிப் பிடித்தது. லக்னோவின் ஆலோசகர் கௌதம் கம்பீர் கேலரியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வாயை மூடு என்று பொருள். மே 1ஆம் தேதி லக்னோவில் பெங்களூர் வென்றது. கணக்கைத் தீர்க்க வந்தவர் போல இருந்தார் கோலி. நவீனுடன் உரசல், பிறகு கம்பீருடன் நேருக்கு நேர் வாக்குவாதம். இருவருக்கும் ஆட்டச் சம்பளம் முழுவதும் அபராதம், நவீனுக்குப் பாதி. அபராதத்தைக் கட்டி முடித்தாயிற்று. ஆனால் நவீன் போன ஊரிலெல்லாம் ரசிகர்கள் தண்டனையைத் தொடர்ந்தார்கள். அதை நிறுத்தியவர் கோலியே. அதே ஆண்டு அக்டோபர் 11, டெல்லி உலகக் கோப்பை ஆட்டத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துப் போதும் என்றார். நவீனைக் கட்டிக்கொண்டார். 2024 ஜூலையில் கம்பீர் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். இருவரும் சேர்ந்து சிரித்தபடி கிரிக்கெட் வாரியத்தின் வீடியோவிலும் வந்தார்கள். அவர்களுக்காக முகநூலில் நட்பை முறித்துக்கொண்டவர்கள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

இந்த விஷயத்தில் கோலி ஒரு புதிர். 2017 மார்ச்சில் இதே பெங்களூர் டெஸ்டில், எல்.பி.டபிள்யூ. தீர்ப்பை எதிர்க்கலாமா என்று ஸ்டீவ் ஸ்மித் தன் அணி அறையைப் பார்த்து யோசனை கேட்டபோது அதிகம் கொதித்தவர் அவர். கேலரியை இன்னும் சத்தம் போடச் சொல்லிக் கையை உயர்த்தியவரும் அவரே. 2019 ஜூனில் லண்டன் ஓவலில் இந்திய ரசிகர்கள் அதே ஸ்மித்தைப் பழித்துக் கத்தியபோது, கைதட்டுங்கள் என்று சைகை காட்டியவரும் அவரே. கூட்டம் இரண்டு முறையும் அவர் சொன்னபடி கேட்டது. ஓர் ஆட்டக்காரரின் கை அசைவுக்கு இவ்வளவு பலம் இருப்பது நல்லதா என்பது வேறு கேள்வி.

பனி பெய்யும் நாடுகளின் நாசூக்கான விளையாட்டுகளிலும் இது உண்டு. 1994 ஜனவரியில் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை நான்சி கெரிகனின் காலில் ஓர் ஆள் தடியால் அடித்தான். ஏவியவர்களில் போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவரும் ஒருவர். அடுத்த மாதம் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே அரங்கில் ஆடினார்கள். கெரிகனுக்கு வெள்ளி, ஹார்டிங்குக்கு எட்டாம் இடம். தங்கம் வென்றவர் உக்ரைனின் 16 வயது ஒக்சானா பையூல். இன்று அவர் பெயரை யாருக்குத் தெரியும்? ஹார்டிங் பெயர் தெரியும்.

சின்னசாமிக்குத் திரும்புவோம். 2025 ஜூன் 3 அன்று பெங்களூர் அணி பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாளே பாராட்டு விழா. 35,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு இரண்டு மூன்று லட்சம் பேர் வந்ததாக முதல்வர் சித்தராமையா சொன்னார். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது, பள்ளி மாணவியும் உண்டு. வெளியே ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்த அதே மாலையில் உள்ளே விழா, சுருக்கமாகவேனும், நடந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே நடந்தது தெரியாது என்றார்கள் சிலர். தெரிந்த நிமிடத்தில் மேடையை விட்டு இறங்கியிருக்க வேண்டாமா என்று கேட்டவர்களில் சிவப்புச் சட்டைக்காரர்களும் இருந்தார்கள். இது கைகுலுக்கல் விவகாரம் அல்ல.

போலீஸ் கமிஷனர் சஸ்பெண்ட் ஆனார். நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா தலைமையில் விசாரணை நடந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அணி தலா 10 லட்சம் அறிவித்து, பிறகு அதை 25 லட்சமாக உயர்த்தியது. அந்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைக்கு பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆட்டங்களில் சில நவி மும்பைக்குப் போயின. பாகிஸ்தான் இறுதிக்கு வராவிட்டால் சின்னசாமியில் நடப்பதாக இருந்த இறுதி ஆட்டமும் அதில் அடக்கம். நவம்பர் 2ஆம் தேதி ஹர்மன்பிரீத் கவுரின் அணி அங்கே தென்னாப்பிரிக்காவை வென்று கோப்பையைத் தூக்கியது. சின்னசாமியின் கேலரிகள் அன்று காலியாக இருந்தன.