சுமையும் சரிவும்



மாத்தளை மாவட்டத்தின் வடபாகம் பெரும்பாலும் சமவெளியாகும். தம்புள்ளை, கலேவெலை முதலிய இடங்களில் நெல்லும் வெங்காயமும் காய்கறிகளும் விளைகின்றன. தென்பாகமும் கீழ்ப்பாகமும் மலைநாடு. அங்கே தேயிலையும் மிளகும் ஏலமும் உண்டு. விளைந்த பொருள் விற்குமிடம் சேரவேண்டுமானால் ஏதேனும் ஒரு மலையை ஏறியோ இறங்கியோதான் ஆகவேண்டும். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஏ-9 வீதி பலகடுவைக் கணவாயைக் கடக்கின்றது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறி, அப்பால் இலுக்கும்புரைப் பக்கமாக இறங்கும் பாதையின் வளைவுகளை அறியாதார் இல்லை. உக்குவளையிலிருந்து எல்கடுவைக்குச் செல்லும் பாதையும் அத்தகையதே. இப்பாதைகளிலே கொழுந்து லொறியும், காய்கறி லொறியும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரமும் நாள்தோறும் போய்வருகின்றன.

அண்மைக்காலத்தில் இவற்றோடு தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் கெப் வண்டிகளும் சேர்ந்துகொண்டன. அவற்றுள் சிலவற்றில், போர்ட் ரேஞ்சர் போன்றவற்றில், பின்னால் பெட்டி இழுக்கும்போது பயன்படுத்துவதற்கென்றே தனியானதோர் ஓட்டமுறை அமைக்கப்பட்டுள்ளது. வேறு சில வண்டிகளில் கியர்த்தண்டின் நுனியில், பெட்டி பூட்டிய வண்டியின் சிறு படம் பொறித்த பொத்தானாக அது இருக்கும். இதனை இழுவை முறை எனலாம். வண்டியை வாங்கியவர்களிற் பலர் இதனை ஒரு தடவையேனும் அழுத்திப் பார்ப்பதில்லை. அழுத்தியவர்களோ இயந்திரம் இரைகின்றதே என்று அஞ்சி உடனே அணைத்துவிடுகின்றனர். அந்த இரைச்சலின் பொருள் யாது என்பதே இன்றைய பேச்சு. வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்ற எனக்குப் பொறியியலில் உரிமை ஏதும் இல்லை. ஆயினும் மலைப்பாதையிலே பிள்ளைகளை எதிர்பார்த்து நிற்கும் பாடசாலை அதிபர் எவருக்கும் இப்பொருளில் அக்கறை இருத்தல் இயல்பே.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கு இடப்பட்டுள்ள பொதுக்கட்டளை சிக்கனம் என்பதாகும். கூடிய விரைவில் உயர்ந்த கியருக்குச் சென்று, இயந்திரத்தை மெல்லச் சுழலவிட்டு, எரிபொருளை மிச்சப்படுத்துவதே அதன் வழக்கம். வெறும் வண்டிக்கு இது நன்று. பின்னால் ஒன்றரைத் தொன் சுமை இருக்கும்போது நிலைமை வேறு. ஐந்தாம் கியரில் இழுக்க வலுப்போதாது நான்காம் கியருக்கு இறங்கும். வேகம் சற்றே கூடியதும் மறுபடி ஐந்துக்குத் தாவும். அங்கே மீண்டும் வலுக்குன்றும். இவ்வாறு ஊசலாடும் ஒவ்வொரு முறையும் கியர்ப்பெட்டியினுள்ளே தட்டுகள் வழுக்கி உராய்கின்றன. அதனால் எழும் வெப்பம் உள்ளிருக்கும் எண்ணெயைக் காய்ச்சுகின்றது. தானியங்கிக் கியர்ப்பெட்டிகளின் ஆயுளைக் குறைக்கும் பகைகளுள் தலையாயது காய்ந்து கெட்ட எண்ணெயே. இழுவை முறையில் இந்தத் தாவல் கட்டுப்படுத்தப்படுகின்றது. இயந்திரம் உயர்ந்த சுழற்சியை அடையும்வரை கியர்ப்பெட்டி மேலே தாவாது. எடுத்த கியரிலே நிலைத்து நிற்கும். நாம் கேட்கும் இரைச்சல் அதுதான்.

ஏற்றத்திலே நேரும் பிழைக்கு நாம் கொடுக்கும் விலை பணம். இறக்கத்திலே கொடுக்கும் விலை வேறு. ஆகவே இறக்கத்தைப் பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகின்றேன்.

ஐந்து தொன் நிறையுள்ள லொறி ஒன்று, செங்குத்தாக அளந்தால் 300 மீற்றர் உயரமுள்ள மலையிலிருந்து ஒரே வேகத்தில் இறங்குகின்றது என வைத்துக்கொள்வோம். உயரத்தில் இருந்தபோது அதனிடம் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் வழியிலே எங்கேனும் வெப்பமாகச் செலவழிந்தே ஆகவேண்டும். கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. திருவிழா அன்னதானத்துக்கு உலை வைக்கும் பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் டயரும் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதைச் சாரதி பிரேக் ஒன்றாலேயே தாங்க முயல்வாரானால், அண்டாவைக் கொதிக்கவைக்கும் தீயைச் சக்கரங்களினுள்ளே மூட்டியவர் ஆகின்றார். பிரேக் துண்டுகள் அளவுக்கு மிஞ்சிச் சுடும்போது அவற்றின் பற்றுந்தன்மை குறைந்துவிடும். பிரேக் எண்ணெயும் கொதிக்கத் தொடங்கும். நாட்பட்ட எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால் இன்னும் விரைவில் கொதிக்கும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழிகள் தோன்றினால், சாரதியின் கால் பஞ்சுப்பொதியை மிதிப்பதுபோல் உள்ளே போகும், வண்டி நில்லாது. காற்றமுக்கத்தால் இயங்கும் பிரேக் உள்ள பெரிய லொறியிலோ, மிதிப்பதும் விடுவதுமாக இருந்தால் தொட்டியிலுள்ள அமுக்கம் குறைந்துகொண்டே போகும். ‘பிரேக் அற்றுப்போயிற்று’ என்று பின்னர் சொல்லுகின்றோமே, பல வேளைகளில் எதுவும் அறுவதில்லை. குளிர்ந்தபின் சோதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனியைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை இடுவர். அது வேண்டியபோது இட்டு, உடனே எடுக்கவேண்டிய பொருள். வீதி நெடுகிலும் முட்டுக்கட்டையைச் சக்கரத்தோடு தேய்த்துக்கொண்டே தேர் போகவேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. அப்படிச் செய்தால் கட்டை தேய்ந்து புகையும். வண்டியின் பிரேக்கும் முட்டுக்கட்டையின் இனத்தைச் சேர்ந்ததே. நெடுந்தூரச் சரிவிலே சுமையைத் தாங்கிப் பிடிப்பதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று இயந்திரமே. தாழ்ந்த கியரில் வண்டி இறங்கும்போது, இயந்திரம் சக்கரங்களை ஓட்டுவதற்குப் பதிலாகச் சக்கரங்கள் இயந்திரத்தை ஓட்டுகின்றன. இயந்திரம் அதற்கு இணங்க மறுத்து இழுத்துப் பிடிக்கின்றது. கியர் எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பிடி வலியது. வெளிவரும் வெப்பமும் புகைக்குழாய் வழியாகவும் தண்ணீர்த்தொட்டி வழியாகவும் போய்விடும். இழுவை முறையைப் போட்டிருந்தால், இறக்கத்தில் சாரதி பிரேக்கைச் சற்றே தொட்டதும், கியர்ப்பெட்டி சுமை தள்ளுவதை உணர்ந்து தானே ஒரு கியர் கீழே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்பொத்தானின் மெய்யான பயன் இதுவே என்பது என் கருத்து.

பெற்றோல் இயந்திரத்தைவிட டீசல் இயந்திரத்துக்கு இந்தப் பிடி இயல்பாகவே குறைவு. பெற்றோல் இயந்திரத்திற்போலக் காற்று நுழையும் வாயிலை அடைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. 1931ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கிளெஸி கமின்ஸ் என்பவர், தாம் செய்த டீசல் இயந்திரத்தின் சிறப்பைக் காட்டுதற்பொருட்டு நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கி லொறி ஒன்றில் பயணஞ் செய்தார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாயிலிருந்து இறங்குகையில் பிரேக் சூடேறிப் பயனற்றுப்போயிற்று. அடிவாரத்திலே புகையிரதக் கடவை. அதிலே சரக்கு வண்டி ஒன்று சென்றுகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்த மறுகணமே லொறி தண்டவாளத்தைத் தாண்டியதாம். ஏறும் வலுவைப்போல இறங்கும் வலுவும் இயந்திரத்துக்கு வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. பல்லாண்டுகளின் பின் அவர் வகுத்த இயந்திரப் பிரேக், ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 1961இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் ஓடும் ஜப்பானிய லொறிகள் பலவற்றில் உள்ள எக்ஸோஸ்ட் பிரேக் இதனினும் எளியது. புகை வெளியேறும் வழியை ஓர் அடைப்பால் மூடி இயந்திரத்தைத் திணறச்செய்யும், அவ்வளவே. ஆயினும் அதுவும் தாழ்ந்த கியரிலேதான் வேலை செய்யும். உயர்ந்த கியரில் அதன் பயன் சிறிது.

பொத்தான் இல்லாத வண்டிக்கு என்ன வழி? ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது பழைய சாரதிகளின் விதி. அந்த விதியைப் பொத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டுள்ளது, அவ்வளவுதான். இன்றைய வண்டிகளின் வலு மிகுந்துவிட்டமையால், மூன்றாம் கியரில் ஏறிய சரிவிலே இரண்டாம் கியரில் இறங்குவது இன்னும் பொருத்தம். எவ்வாறாயினும் கியரைத் தேர்ந்துகொள்ளும் இடம் உச்சியே. வண்டி ஓடத்தொடங்கிய பின் தாழ்ந்த கியரைப் போட முயன்றால், அது விழ மறுக்கும். கையிலிருந்த கியரும் போய், நடுநிலையிலே அகப்பட்டுக்கொள்வோம்.

தாமாகவே நடுநிலையைத் தேடிக்கொள்வாரும் உளர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வீதியோரம் நாட்கணக்கில் வரிசை நின்ற மக்களுக்கு ஒவ்வொரு துளியும் பொன்னாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கணக்கு நேர்மாறானது. கியரில் இறங்கும் வண்டியிலே, மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருள் ஏறக்குறைய முற்றாக நிறுத்தப்பட்டுவிடும். இயந்திரத்தைச் சுழற்றுவது சரிவு. நியூட்ரலிலோ இயந்திரம் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து எரிபொருள் செல்லவேண்டும். சேமிப்பும் இல்லை, பிடியும் இல்லை.

நம் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது கெப் வண்டியன்று. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம். பெட்டிகளிற் பலவற்றுக்குப் பிரேக்கே இல்லை. இறக்கத்தில் பெட்டியின் பாரம் முழுவதும் உழவு இயந்திரத்தை முதுகிலே தள்ளும். வளைவில் அவ்வாறு தள்ளும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால், மடக்குக் கத்தி மடிவதுபோல் இரண்டும் மடிந்து பள்ளத்தில் வீழும். ஈரமண் பாதையில் இது மிக எளிதில் நேரும். நான்கு சக்கர உழவு இயந்திரத்தில் இடச்சக்கரத்துக்கு ஒன்றும் வலச்சக்கரத்துக்கு ஒன்றுமாகப் பிரேக் மிதிகள் இரண்டு உண்டு. வயலில் சட்டெனத் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைப்பர். வீதியில் ஏறுமுன் இரண்டையும் ஒன்றாகக் கொளுவவேண்டும். கொளுவாது ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

லாண்ட்மாஸ்டர் எனப்படும் இரு சக்கர உழவு இயந்திரத்தில் மறைந்திருக்கும் ஆபத்து இன்னும் விந்தையானது. சமதரையில் இடக்கைப்பிடியிலுள்ள நெம்பைப் பிடித்தால் இடச்சக்கரம் இயந்திரத்திலிருந்து விடுபடும்; வலச்சக்கரம் முன்னே தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே நெம்பைப் பிடித்தால், விடுபட்ட இடச்சக்கரம் தடையின்றி ஓடும். வலச்சக்கரத்தை இயந்திரம் பிடித்துவைத்திருக்கும். ஆகவே வண்டி வலப்பக்கம் திரும்பும்! மலைப்பக்கம் திருப்ப எண்ணிப் பிடித்த நெம்பு பள்ளத்துக்குத் திருப்பும். நெல்வயலில் மட்டும் ஓட்டிப் பழகிய இளைஞர் மலைத்தோட்டத்தில் வேலைக்கு வந்தால், முதல்நாளே அவருக்கு இதனைச் சொல்லிவைத்தல் வேண்டும். சரிவில் நெம்பைத் தொடாது, உச்சியிலேயே தாழ்ந்த கியரிட்டு, கைப்பிடியின் வலுவாலேயே திருப்பவேண்டும்.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவது தகாது என்பதை யாவரும் அறிவர். எனினும் பஸ் செல்லாத மேற்கணக்குகளிலிருந்து திருவிழாவுக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் அதிலேதான் வருகின்றனர். ஏறுமுன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சாரதியின் காலடியில் இரண்டு மிதிகளும் கொளுவப்பட்டுள்ளனவா என்று குனிந்து பார்க்க அரை நிமிடமும் ஆகாது. கொளுவப்படவில்லையெனில், கொளுவும்வரை பிள்ளைகளை ஏற்றாது நிற்கலாம்.