சிகாகோவின் ஏ.ஏ.சி.எம்.: சொந்த இசைக்கான சங்கம்

படைப்பிசைக் கலைஞர்களின் முன்னேற்றச் சங்கம், சுருக்கமாக ஏ.ஏ.சி.எம்., 1965 மே மாதம் சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில் உருவானது. முஹல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஃபில் கோரன், ஸ்டீவ் மெக்கால் என்னும் கறுப்பின இசைக்கலைஞர்கள் நால்வர் இதைத் தொடங்கினர். ஜாஸ் விடுதிகளில் வாய்ப்புகள் அருகிவந்த காலம் அது.

சங்கத்தின் கச்சேரிகளில் உறுப்பினர்கள் இயற்றிய இசையை மட்டுமே வாசிக்க வேண்டும். இந்த ஒரு விதியே பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் வித்து. வாசிப்பவர் ஒவ்வொருவரும் இசையமைப்பாளராகவும் ஆக வேண்டியிருந்தது. உறுப்பினர் ராஸ்கோ மிட்செலின் ‘சவுண்ட்’ (1966) இசைத்தட்டில் சாக்ஸபோனுக்கு நிகராக மணி, விசில் போன்ற சிறு கருவிகளும் ஒலித்தன. மௌனத்துக்கும் அதில் இடம் இருந்தது. மற்றோர் உறுப்பினரான ஆன்டனி பிராக்ஸ்டன் துணைக்கருவி எதுவுமின்றி, ஆல்டோ சாக்ஸபோனை மட்டும் கொண்டு முழு இசைத்தொகுப்பையே பதிவுசெய்தார். அன்று அது பெருந்துணிச்சல். சங்க உறுப்பினர்களின் ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழு 1969இல் பாரிஸ் சென்று ஐரோப்பாவிலும் புகழ்பெற்றது.

இசைத்தட்டுகளுக்குச் சற்றும் குறையாத சாதனை, அப்பகுதி இளைஞர்களுக்குச் சங்கம் நடத்திய இலவச இசைப்பள்ளி. 1968இல் செயின்ட் லூயிஸ் நகரக் கலைஞர்கள் இச்சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு கறுப்பினக் கலைஞர் குழுவை அமைத்தனர். ஏ.ஏ.சி.எம். உறுப்பினரான ஹென்றி த்ரெட்கில் 2016இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், சங்கத்தின் மூத்தவர்களான மிட்செல், வடாடா லியோ ஸ்மித் ஆகியோருடன் வாசித்து இந்த மரபைத் தொடர்கிறார்.