பழைய படச்சுருளைப் பேணுதல்



நம் இல்லப் பெட்டகங்களில் உறங்கும் பழைய படச்சுருள்கள் என்றும் நிலைத்திருப்பன அல்ல. அசிற்றேற்றுச் சுருள், வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டிலே நாளடைவிற் சிதைந்து சுருங்கும். அப்போது வினாகிரி மணம் வீசும். அத்தகைய சுருளைப் பிறவற்றினின்றும் பிரித்து, முதலில் அதற்கே படியெடுத்தல் வேண்டும்.

டிஜிற்றல் கமரா இருப்பின் இதனை வீட்டிலேயே செய்யலாம். 35 மில்லிமீற்றர்ச் சுருளில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றரே. ஆதலின் மிக அண்மையிற் படம்பிடிக்கும் மக்ரோ வில்லை தேவை. சீரான வெண்ணொளிப் பலகையின்மேல், தூசு நீக்கிய சுருளைத் தட்டையாக, பளபளப்பான பக்கம் கமராவை நோக்க வையுங்கள். இன்றேல் இடம் வலமாக மாறிவிடும். கமரா சுருளுக்குச் சமாந்தரமாய் உள்ளதா என அறிய, சுருளின் இடத்தில் சிறு முகக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வில்லையின் விம்பம் நடுவே தெரியின் அமைப்புச் சரியே. அறை விளக்கை அணைத்து, கை படாது தானே இயங்குமாறு கமராவை அமைத்துப் படமெடுத்தல் நன்று. பின்னர்க் கணினியில் ஒளியையும் இருளையும் மாற்றினால் நெகற்றிவ் உண்மையுருப் பெறும். வண்ணச் சுருளாயின், அதன் செம்மஞ்சட் சாயலையும் நீக்குதல் வேண்டும்.

நீண்ட போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் எத்தனையோ குடும்பங்கள் தம் முன்னோரின் முகங்களையே இழந்தன. ஆகவே, படிகளை இருவேறு இடங்களில் வைப்போமாக. மூலச் சுருளையும் எறிந்துவிடாது, குளிர்ந்த உலர்ந்த இடத்திற் பேணுவோமாக.